இனிப்புநீர்க்காரனுக்குச் சீனி

ரப்பர் தோட்டத்து லாரி ஓட்டும் கணேசமூர்த்தி, சிரம்பான் டவுனுக்குக் கிளம்பும்போதெல்லாம் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு முன்னால் ஹாரன் அடித்து, "ராக்கம்மாக்கா, மச்சான் ரெடியா?" என்று கேட்பான். எங்களைப் படம் பார்க்கக் கூட்டிப் போக வந்தவன் மாதிரி. அவனைச் சொல்லிக் குற்றமில்லை. என் வீட்டுக்காரர் முருகையா அந்த வருடம் ஆஸ்பத்திரி லாரியில் ஏறிய அளவுக்குத் தோட்டத்தில் வேறு யாரும் ஏறியிருக்க மாட்டார்கள். போகும்போது பின்னால் கோணிமேல் படுத்துக்கொண்டு போவார். வரும்போது முன் சீட்டில் உட்கார்ந்து பந்து விளையாட்டைப் பற்றி வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வருவார். எனக்கு அதுதான் விளங்கவே இல்லை. செத்தவர் போலப் போகிற மனிதர், ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஏற்றிய கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்து, காப்பி கிடைக்குமா என்று எப்படிக் கேட்கிறார்?

அவருக்கு இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. முதலில் ஆள் துரும்பாக இளைத்து, குடம் குடமாகத் தண்ணீர் குடித்து, பிழைப்பாரா என்றே சந்தேகமாகப் போனது. சிரம்பான் ஆஸ்பத்திரியில்தான் கண்டுபிடித்து இன்சுலின் ஊசி கொடுத்தார்கள். அந்த ஊசியைத் தினமும் விடிவதற்கு முன்னால், பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு ஆள் கூடுவதற்குள், எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர் சலாவுதீன் போடுவார். போட ஆரம்பித்த கொஞ்ச நாளில் மனிதர் பழைய ஆள் ஆகிவிட்டார். கன்னம் ஏறியது, சட்டை நிறைந்தது. மறுபடியும் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்க வந்தார். பக்கத்து நிரை மரங்கள் என்னுடையவை. தன் மரங்களை முடித்துவிட்டு வந்து என் மரத்திலும் பாதியை வெட்டிக் கொடுத்துவிட்டு, "ஒன் கத்தி என்ன, தேங்கா துருவுறதா?" என்று கிண்டல் செய்வார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அப்புறம்தான் விழ ஆரம்பித்தார். வெயில் ஏறிப் பத்து மணி வாக்கில் உடம்பெல்லாம் தண்ணீராய் வேர்க்கும், கை நடுங்கும், சம்பந்தமில்லாமல் ஏதாவது பேசுவார், அப்படியே மரத்தடியில் சரிந்துவிடுவார்.

லயத்தில் எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள். இனிப்பு ஏறிவிட்டது. அதைச் சொன்னவர்களில் முதல் ஆள் எதிர் வீட்டு மங்கம்மா அக்கா. "நீ சீனிய எங்கடி வெச்சிருக்க? அந்த மனுசன் திருடித் திங்கறாரு" என்று என் சமையல்கட்டுக்குள் வந்து சீனி டின்னைத் தூக்கித் தன் வீட்டுப் பரணில் வைத்துக்கொண்டாள். பாகற்காயை இடித்துச் சாறு பிழிந்து அவளே கொண்டுவந்து கொடுப்பாள். மரத்தடியில் விழுந்துகிடப்பவர் வாயில் நானும் அதைத்தான் ஊற்றினேன். ஊற்ற ஊற்ற அவர் இன்னும் மோசமானார். லாரி வரும், தூக்கிப் போடுவோம், சிரம்பானுக்குப் போவோம், எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்பார்.

கடைசியில் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை சொல்லிவிட்டார். துரை எங்கள் தமிழ் பேசுவார். எங்களை வேலை வாங்கும் மண்டோர் அமிர்தலிங்கத்தைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, "முருகையா, இன்னொரு தரம் ரப்பர் காட்டுல வுளுந்தா பேர் வெட்டு" என்றார். பேரை வெட்டினால் வேலை மட்டுமா போகும்? வீடும் போகும். டிரஸ்ஸர் போடும் ஊசியும் போகும். வேறு எந்தத் தோட்டத்தில் இனிப்புநீர்க்காரனை வேலைக்கு எடுத்து, விடியற்காலையில் ஊசியும் போட்டுவிடுவார்கள்?

அடுத்த தடவை ஊசி மருந்து வாங்க டிரஸ்ஸரே லாரியில் ஏறிச் சிரம்பானுக்குப் போனார். திரும்பி வந்தவர் ஆஸ்பத்திரிக்குக்கூடப் போகாமல் நேராக எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். சாதாரணமாக நிதானமாக நடக்கிற மனிதர். அன்றைக்குக் கிட்டத்தட்ட ஓடி வந்தார்.

"ராக்கம்மா, நம்ம எல்லாருமே தலைகீழா பாத்துட்டோம். நானுந்தான்."

"என்னங்க டிரஸ்ஸரையா?"

"அங்க வார்டு நர்சு ஹசீனா பேகத்துகிட்ட, முருகையா வந்ததும் என்னாதான் குடுக்குறீங்கன்னு கேட்டேன். அந்தம்மா சிரிக்குது. என்னா குடுப்பாங்க, சீனித்தண்ணிதான் ஏத்துறோம்னு சொல்லுது."

நான் சிரித்துவிட்டேன். மங்கம்மா அக்கா எதிர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் சிரிக்கவில்லை.

"இனிப்புநீர்க்காரனுக்குச் சீனியா? நெருப்புப் புடிச்ச வீட்டுக்கு மண்ணெண்ண ஊத்துவாங்களா டிரஸ்ஸரையா?"

"ஊசி சீனிய எறக்குது மங்கம்மா. காட்டுல மரத்துக்கு மரம் ஓடுறாரில்ல, அதுவும் எறக்குது. ரெண்டும் சேந்தா அளவுக்கு மேல எறங்கிருது. அப்ப ஒடம்புல சீனி இல்லாம வுளுவுறாரு. சீனி ஏறி இல்ல."

"காலையில நல்லாத்தான சாப்புட்டுப் போறாரு?" என்றேன்.

"அது பத்து மணி வரைக்கும் தாங்க மாட்டேங்குது. அந்நேரத்துக்கு ஏதாச்சும் திங்கணும். வேர்வை வந்தா ஒடனே ஒரு துண்டு வெல்லமாச்சும் வாயில போடணும். அவ்ளோதான்."

அவ்வளவுதான் என்று அவர் சொல்லிவிட்டார். அது மலாயாவில் அவசரகாலம். காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்ச் சேரக்கூடாதென்று லயத்தைச் சுற்றிக் கம்பிவேலி போட்டு, ஒரே ஒரு கேட்டு வைத்து, வேலைக்குப் போகிற ஒவ்வொருவரையும் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். கத்தி போகலாம், வாளி போகலாம், குடிக்கிற தண்ணீர் போகலாம். ஒரு பிடி சோறு போகக்கூடாது. அகப்பட்டால் ஜெயில். ஆண்களை மலாய்க்காரப் போலீஸ் கோப்ரல் யாசினும் அவருடைய ஆட்களும் சோதிப்பார்கள். பெண்களைச் சோதிக்கக் கேட்டுக்குப் பக்கத்தில் அத்தாப்பு ஓலைக் குடிசை ஒன்று போட்டு, அதில் ஒரு பெண்ணை வேலைக்கு வைத்திருந்தார்கள். அந்தப் பெண் வேறு யாரும் இல்லை, மங்கம்மா அக்காதான்.

டிரஸ்ஸர் துரையிடம் போய்க் கேட்டார். துரை பக்கத்து டவுனான ரந்தாவ் போலீசில் கேட்டார். போலீசில் என்ன சொன்னார்களோ, துரை வந்து, "டிரஸ்ஸர், சீனி சீக்குக்கு சீனி வேணும்னு சொன்னா அங்க எல்லாரும் சிரிக்கிறான். எனக்கு வெக்கமா இருக்கு" என்று கையைக் கழுவிவிட்டார்.

என் வீட்டுக்காரர், "ஊசியே வேணாம் போ, விட்டுர்றேன்" என்று இரண்டு நாள் போடாமல் இருந்து பார்த்தார். பழைய தாகமும் வாந்தியும் திரும்பி வந்தன. டிரஸ்ஸர் அவரைப் பிடித்து, "வுளுந்தா தூக்கிருவேன்யா, செத்தா தூக்க முடியாது" என்று திட்டி மறுபடி ஊசி போட்டார்.

அதனால் நான் கொண்டை போட்டேன்.

எனக்கு அந்தக் காலத்தில் முடி இடுப்புக்குக் கீழே வரும். ரந்தாவ் கடையில் வாங்கிய கூலா மலாக்காவில், அந்தக் கறுப்புத் தென்னைவெல்லத்தில், ஒரு துண்டை வாழை இலைச் சருகில் சுற்றி, உச்சியில் வைத்து, அதைச் சுற்றி முடியை இறுக்கி முடிந்துகொண்டேன். மேலே முக்காட்டுத் துணி. குடிசைக்குள் மங்கம்மா அக்காவிடம் போனேன். அவள் இடுப்பைத் தடவினாள், முந்தானையை உதறினாள், வாளிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"போடி, நிக்காத" என்றாள்.

பத்து மணிக்கு அவர் நெற்றியில் வேர்வை முத்து முத்தாய்ப் பூத்தது. கத்தி மரத்தில் படாமல் காற்றில் ஆடியது. நான் ஓடிப் போய்க் கொண்டையை அவிழ்த்து வெல்லத்தை உடைத்து அவர் வாயில் திணித்தேன். பிறகு எதிரே குந்தி உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மென்றார். விழுங்கினார். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. கண் தெளிந்தது. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஏன் புள்ள தலைய விரிச்சிப் போட்டு ஒக்காந்திருக்க, பேய் மாதிரி?" என்றார்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. அன்றைக்கு என் மரங்களை நான் ஓடி ஓடி வெட்டினேன். பால் நிறுக்கிற இடத்தில் மண்டோர், "என்னா ராக்கம்மா, இன்னிக்கி பறக்கற?" என்று கேட்டார். பறக்கத்தான் செய்தேன். ஒரு துண்டு வெல்லம், அவ்வளவுதான். லாரி வேண்டாம், சிரம்பான் வேண்டாம், பேர் வெட்டு வேண்டாம்.

தினமும் வெல்லம் வைத்தேன். தினமும் கடந்து போனேன். தைரியம் வந்துவிட்டது. தைரியம் வந்தவள் ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை: வெயிலிலும் வேர்வையிலும் வெல்லம் கசிந்து தலைமுடியில் இறங்கியிருந்தது. அந்தச் சனிக்கிழமை காலையில் நான் வரிசையில் நிற்கும்போது, கழுத்தில் ஏதோ ஊர்ந்தது. தட்டிவிட்டேன். மறுபடி ஊர்ந்தது.

குடிசைக்குள் மங்கம்மா அக்கா என் இடுப்பைத் தடவியவள், கையை எடுத்துப் பார்த்தாள். கையில் எறும்பு.

"என்னாடி இது?"

"எறும்புக்கா."

"எறும்புன்னு தெரியுது. ஒன் தலையில அதுக்கு என்னா வேல? திரும்பு."

எறும்பு காதுக்குப் பின்னால் வரிசை கட்டி, முக்காட்டுக்குள் ஏறிக்கொண்டிருந்தது. அக்கா முக்காட்டை எடுத்தாள், கொண்டையைப் பிரித்தாள். சருகுப் பொட்டலம் அவள் கையில் விழுந்தது. அவள் முகம் வெளுத்துவிட்டது.

"அடிப்பாவி. யாருக்குடி கொண்டு போற? காட்டுக்கா?"

"அவருக்குத்தான்க்கா. சத்தியமா. டிரஸ்ஸரையா சொன்னாரே, நீங்களுந்தான கேட்டீங்க."

"நான் கேட்டேன். கோப்ரல் கேட்டாரா? இத நான் மறைச்சா என்னையுமில்ல உள்ள வெப்பான்?"

கோப்ரல் யாசின் வந்து பொட்டலத்தை வாங்கி முகர்ந்து பார்த்தார். புகையேறிய பாகு மாதிரி ஒரு நல்ல வாசனை, அது ஊரறிந்த வாசனை. "கூலா. சியாப்பா பூஞா?" என்று கேட்டார். யாருடையது என்று கேட்கிறார். என் வீட்டுக்காரர் வரிசையிலிருந்து ஓடி வந்து, "என்னோடது கோப்ரல், எனக்கு இனிப்பு நீர்" என்றார். வரிசை முழுக்கச் சிரித்தது. யாரோ, "அப்ப எனக்குக் கள்ளுச் சீக்கு, கோப்ரல், ரெண்டு மொந்த அனுப்பு" என்றான். கோப்ரலுக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் இருவரையும் கேட்டுக்கு உள்ளே மரப்பெட்டிமேல் உட்கார வைத்து, ரந்தாவ் போலீசுக்குப் போன் பேச ஆபீசுக்கு ஆள் அனுப்பினார். பொட்டலத்தைக் குடிசையில் மேசைமேல் வைத்து, "இத யாரும் தொடக்கூடாது" என்று மங்கம்மா அக்காவைக் காவலுக்கு நிறுத்தினார்.

எல்லோரும் வேலைக்குப் போய்விட்டார்கள். வெயில் ஏறியது. போலீஸ் ஜீப் வரவில்லை. ஊசி போட்டுக்கொண்டு வந்த மனிதர். அன்றைக்கு நேரமாகிவிட்டதென்று காலைச் சாப்பாட்டைக்கூடப் பாதியில் வைத்துவிட்டு வந்திருந்தார். நான் அவருடைய நெற்றியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அந்த வேர்வை பூக்க ஆரம்பித்தது.

"கோப்ரல், அவருக்கு வருது. அந்த வெல்லத்துல கொஞ்சம் குடுங்க."

"தா போலே, கூடாது" என்றார் கோப்ரல். அவருக்கும் எங்கள் தமிழ் கொஞ்சம் வரும். "சீனி சீக்கு ஆள் சீனி துன்னு இங்க செத்து ஆனா, எனக்குத் தூக்கு."

"துன்னாட்டிதான் செத்துருவாரு. டிரஸ்ஸரையாவ கூப்புடுங்க."

ஒரு ஆள் ஆஸ்பத்திரிப் பக்கம் ஓடினான். அதற்குள் என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு கோப்ரலைப் பார்த்து மரியாதையாகக் கும்பிட்டார்.

"மச்சான், பொண்ணு பாக்க வந்தோம். இவ்ளோ நேரம் ஒக்கார வெச்சிட்டீங்களே."

கோப்ரல் துப்பாக்கியை இறுக்கிப் பிடித்தார். "மாபோக்கா? காலையிலே கள்ளா?"

"காப்பி கூட குடுக்க மாட்டீங்களா மச்சான்?" என்றவர், மங்கம்மா அக்கா பக்கம் திரும்பி அவளை உச்சந்தலையிலிருந்து பாதம் வரை பார்த்தார். "இதான் பொண்ணா? மூக்கும் முழியும் நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் முத்திப்போச்சி."

வேறு நேரமாக இருந்தால் அக்கா விளக்குமாற்றை எடுத்திருப்பாள். அவள் எடுக்கவில்லை. கிட்டே வந்தாள். அவர் வாயருகே மூக்கைக் கொண்டுபோய் மோப்பம் பிடித்தாள். எத்தனை பேரைச் சோதித்தவள், கள்ளு வாடை அவளுக்குத் தெரியாதா?

"கள்ளு இல்ல கோப்ரல்" என்றாள். குரல் மாறிவிட்டது. "இந்த மனுசன் எங்கிட்ட இத்தினி வருசத்துல ஏறிட்டுப் பேசினதில்ல. நான் எதுக்க வந்தா ஓரமா ஒதுங்கி நிக்கிற ஆளு. இது அவரு பேசல."

அவர் முட்டி மடங்கியது. நானும் அக்காவும் ஆளுக்கொரு பக்கம் தாங்கிப் பெட்டிமேல் சாய்த்தோம். கண் மேலே சொருகப் பார்த்தது. "என்னங்க, என்னப் பாருங்க, தூங்காதீங்க" என்று நான் கன்னத்தில் தட்டினேன். தூரத்தில், கோலா சாவா ரோட்டில், ஜீப் சத்தம் கேட்டது.

மங்கம்மா அக்கா குடிசைக்குள் போனாள். பொட்டலத்தோடு வந்தாள்.

"ஏய், தா போலே" என்று கோப்ரல் குறுக்கே வந்தார்.

"கோப்ரல், சாப்பாடு கேட்டுக்கு வெளிய போகக்கூடாது. அதான ரூலு?"

"அதான்."

"நம்ம எங்க நிக்கிறோம்? உள்ளயா, வெளியவா?"

கோப்ரல் கேட்டைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். அக்கா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வெல்லத்தைப் பல்லால் கடித்து உடைத்து, "முழுங்குங்க, மெதுவா" என்று துண்டு துண்டாக அவர் வாயில் வைத்தாள். பாகற்காய்ச் சாறு பிழிந்து கொண்டுவந்த அதே கை. தன் வேலையை, தன் வீட்டை, எல்லாவற்றையும் சேர்த்துத்தான் அவள் அந்த வாயில் வைத்துக்கொண்டிருந்தாள்.

மென்றார். நாங்கள் மூன்று பேரும் அவர் வாயையே பார்த்தோம். கோப்ரல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு குனிந்து நின்றார். ஜீப் சத்தம் கிட்டே வந்தது. இன்னொரு துண்டு. நடுக்கம் குறைந்தது. கடைசித் துண்டு. வேர்வை காய்ந்தது. கண் நேரானது. எங்களைச் சுற்றிப் பார்த்தவர், மங்கம்மா அக்கா இவ்வளவு கிட்டே நிற்பதைக் கண்டதும் பதறி எழுந்து ஓரமாக ஒதுங்கி, தலையைக் குனிந்துகொண்டார்.

"வந்துட்டாரு. ஓரமா போயிட்டாரு பாரு, வந்துட்டாரு" என்று அக்கா என்னைக் கட்டிக்கொண்டாள். கோப்ரல் தன் தாய்மொழியில் ஆண்டவனைக் கூப்பிட்டு மரப்பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார்.

டிரஸ்ஸர் ஒரு பக்கம் மூச்சிரைக்க ஓடி வந்தார். மறுபக்கம் ஜீப் வந்து நின்றது. இறங்கிய இன்ஸ்பெக்டர், கூலா எங்கே என்று கேட்டார். கோப்ரல் எழுந்து சல்யூட் அடித்தார்.

"ஹாபிஸ், துவான்" என்றார். முடிந்துவிட்டது, ஐயா.

"முடிஞ்சிருச்சா? யாரு தின்னா?"

"சீனி சீக்கு ஆள்."

இன்ஸ்பெக்டர் எங்கள் எல்லோரையும் ஒருவர் பின் ஒருவராகப் பார்த்தார். டிரஸ்ஸர் ஊசியையும் வெயிலையும் பத்து மணியையும் பற்றி மூச்சிரைத்துக்கொண்டே சொன்னார். கோப்ரல், "நான் கண்ணால பாத்தேன் துவான், செத்த ஆள் எந்திரிச்சாரு" என்று சாட்சி சொன்னார். இன்ஸ்பெக்டர் கடைசியில் என்னிடம் வந்தார்.

"கேட்ட தாண்டல, பொருளும் இல்ல. அதனால போறேன். இனிமே ஒரு துண்டு வெளிய போச்சின்னா, சீக்கோ சீக்கு இல்லியோ, உள்ளதான். வெளங்குதா?"

விளங்கியது. ஜீப் போனதும் அதுதான் தலையில் இடியாக நின்றது. அவர் பிழைத்தார், சரி. திங்கட்கிழமை பத்து மணிக்கு என்ன செய்வது? மங்கம்மா அக்காதான் வெல்லம் ஒட்டிய விரலை நக்கிக்கொண்டே, "டிரஸ்ஸரையா, அது வாயில போனாப் போதுமா, இல்ல காட்டுலதான் போவணுமா?" என்று கேட்டாள்.

"எங்க போனா என்னா? வயித்துக்குப் போனாப் போதும்."

"அப்ப சாப்பாடு ஏன் இவருகிட்ட போவணும்? இவரு சாப்பாட்டுகிட்ட வரட்டுமே. பத்து மணிக்கு முன்னாடி கேட்டுக்கு வந்து, உள்ள வந்து, எங் கண்ணு முன்னால தின்னுட்டுப் போவட்டும். வயித்துல இருக்கறத தேடச் சொல்லி எனக்கு யாரும் சொல்லல."

டிரஸ்ஸர் வாயைப் பிளந்தார். கோப்ரல் தொடையில் தட்டிக்கொண்டு, "போலே, போலே, செய்யலாம்" என்று சிரித்தார். ஆனால் எங்கள் நிரை ஆற்றைத் தாண்டி இருந்தது. அங்கிருந்து வந்து போவதற்குள் கோப்பையில் ரப்பர் பால் உறைந்து கட்டிவிடும். மத்தியானமே டிரஸ்ஸரும் கோப்ரலும் சேர்ந்து துரையிடம் போனார்கள். டிரஸ்ஸரை நம்பாத துரையிடம், கோப்ரல் கண்ணால் கண்டதைச் சொன்னது எடுபட்டது. மண்டோர் அமிர்தலிங்கம் வேலியோரத்துக் கிழட்டு மரங்களை எங்களுக்கு மாற்றிக் கொடுத்தார். பால் குறைவு என்று யாரும் விரும்பாத நிரை அது. அதனால் யாருக்கும் வருத்தமில்லை.

திங்கட்கிழமை நான் மரம் வெட்டவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். கண் முழுக்கக் கேட்டுமேல்தான். வெயில் ஏறியதும் குடிசை வாசலில் மங்கம்மா அக்கா வந்து நின்று, தோட்டமே கேட்கிற மாதிரி கூப்பிட்டாள்.

"மாப்பிள்ள வீட்டுக்காரரே, காப்பி ரெடி. வாங்க."

அவர் கத்தியை வைத்துவிட்டு வெட்கப்பட்டுக்கொண்டே போனார். உள்ளே உட்கார்ந்து அவித்த மரவள்ளிக்கிழங்கைத் தின்று, வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். கோப்ரல் அவருடைய சட்டையைத் தடவிப் பார்த்து, வயிற்றில் ஒரு தட்டுத் தட்டி அனுப்பினார். பத்து மணி வந்தது. போனது. அவர் மரத்துக்கு மரம் நடந்துகொண்டே இருந்தார். அன்றைக்கும் மறுநாளும் அதற்கடுத்த வாரமும் நடந்துகொண்டே இருந்தார்.

என் கொண்டையை மட்டும் அக்கா விடவில்லை. தினமும் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவாள்.

"ஒன்னய நம்ப மாட்டேன்டி. எறும்பத்தான் நம்புவேன்."

மாதக் கடைசியில் லாரி லயத்துக்கு முன்னால் வந்து ஹாரன் அடித்தது. கணேசமூர்த்தி தலையை நீட்டினான்.

"ராக்கம்மாக்கா, சிரம்பான் போறேன். மச்சான் ரெடியா?"

"மச்சானுக்கு நேரமில்லடா" என்றேன். "அவரு காட்டுல மரம் வெட்டறாரு. நீ சும்மா போயிட்டு வா."